கிளிக்குப் பேச்சு வருவது எப்படி?

கேள்வி: ஒரே சொல்லை நூறு முறை சொல்லிக் கொடுத்தும் வளர்ப்புக் கிளி வாய் திறக்காதது ஏன்?

பதில்: பதில் பேச ஆளில்லாத பாடம் யாருக்கும் சலிக்கும், கிளியோ கூட்டமாக வாழும் பறவை, ஆகவே இருவர் உரையாடுவதைக் கண்டு தானும் அதில் கலந்துகொள்ளத் துடிக்கும்போது அதற்குச் சொல் எளிதில் வசப்படுகிறது. அமெரிக்க ஆய்வாளர் ஐரீன் பெப்பர்பெர்க் 1977இல் சிகாகோவில் ஒரு கடையில் வாங்கிய அலெக்ஸ் என்னும் ஆப்பிரிக்கச் சாம்பல் கிளி இதற்குச் சிறந்த சான்று. அவர் கையாண்ட 'மாதிரி–போட்டியாளர்' முறையில், ஒருவர் மரத்துண்டைக் காட்டி 'இது என்ன?' என்று கேட்பார். மற்றொருவர் சரியாகச் சொன்னால் அதைப் பெறுவார், தவறினால் அது மறைக்கப்படும். அதாவது அவர் கிளிக்கு முன்மாதிரியாகவும், ஆசிரியரின் கவனத்தைப் பெறுவதில் அதற்குப் போட்டியாளராகவும் விளங்குவார். விடை சொன்ன கிளிக்குக் கிடைக்கும் பரிசு, அது பெயர் சொன்ன அதே பொருள்தான். மரத்துண்டு என்று சொன்னால் மரத்துண்டே கிடைக்கும், அதை அலெக்ஸ் ஆசைதீரக் கடித்துக் குதறும். சொல்லையும் பொருளையும் பிரிக்காத இந்தப் பரிசே அம்முறையின் உயிர்நாடி. 2007இல் இறப்பதற்குள் அலெக்ஸ் நூற்றுக்கு மேற்பட்ட சொற்களைக் கற்றதோடு, பொருள்களின் நிறத்தையும் வடிவத்தையும், ஆறு வரையிலான எண்ணிக்கையையும் சொன்னது. உதடில்லாத கிளி, மூச்சுக்குழல் இரண்டாகப் பிரியுமிடத்தில் அமைந்த 'சிரிங்ஸ்' என்னும் ஒலியுறுப்பாலும் தடித்த நாவாலும் இத்தனையையும் ஒலிப்பது வியப்புக்குரியது. நம் ஊர்ப் பச்சைக்கிளிக்கு மட்டும் இப்பாடம் வேண்டாம். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதைக் கூண்டில் வளர்ப்பது குற்றம், அதன் கீச்சுக்குரலை மரத்தடியில் நின்று கேட்பதே முறை.