47 வயதில் லாங்போர்டா?

கேள்வி: கலிஃபோர்னியாவில் வசிக்கிறேன். வயது 47. மலைச்சாலையில் லாங்போர்டில், அதாவது நீளமான ஸ்கேட்போர்டில், இறங்க ஆசை. “முட்டி தேய்கிற வயதில் இது எதற்கு?” என்கிறாள் மனைவி. பழகலாமா?

பதில்: தாராளமாகப் பழகுங்கள். ஆனால் ஓடப் பழகுவதற்கு முன் நிற்கப் பழகுங்கள். அந்தப் பலகையில் பிரேக் கிடையாது. மெதுவாகப் போகும்போது ஒரு காலைத் தரையில் தேய்த்து நிறுத்தலாம். வேகம் பிடித்துவிட்டால் சறுக்கித்தான் குறைக்க வேண்டும். நன்றாகக் குனிந்து, பிளாஸ்டிக் வட்டு பதித்த கையுறையைத் தரையில் ஊன்றி, பலகையைக் குறுக்கே திருப்பினால் சக்கரங்கள் தேய்ந்து வேகம் இறங்கும். உங்கள் ஊர்ப்பக்கம்தான், பெர்க்லி மலைச்சாலைகளில் கிளிஃப் கோல்மன் வளர்த்தெடுத்த வித்தை இது. ‘கோல்மன் ஸ்லைடு’ என்று அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். என்னைக் கேட்டால், இந்த விளையாட்டின் அழகே அந்தச் சறுக்கலில்தான் இருக்கிறது.

2017இல் கனடாவின் கியூபெக்கில் பீட் கானலி என்ற வீரர் இப்படிப் பலகையில் நின்றபடியே மணிக்கு 146 கிலோமீட்டரைத் தாண்டினார். உங்களுக்கு 20 போதும். வேகம் இரண்டு மடங்கானால் விழும்போது வாங்கும் அடி நான்கு மடங்காகும். நம் வயதில் எலும்பு கூடவும் நாளாகும். ஹெல்மெட், முட்டிக் கவசம், கையுறை மூன்றும் இல்லாமல் பலகையில் கால் வைக்காதீர்கள்.

முதல் சரிவுக்கு மனைவியையும் அழைத்துப் போங்கள். வளைவில் நின்று கார் வருகிறதா என்று பார்த்துச் சொல்ல ஓர் ஆள் கட்டாயம் வேண்டும்.