விண்ணப்பமும் ஒரு பாடமே

கல்லூரிப் படிப்பு முதலாண்டின் முதல் வகுப்பில் தொடங்குவதாகப் பலரும் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தவறு. அது இணையவழி விண்ணப்பத்தின் முதல் பக்கத்திலேயே தொடங்கிவிடுகிறது; சிலருக்கு அங்கேயே முடிந்தும் போகிறது. ஆகவே விண்ணப்பித்தல் என்பது அலுவலக நடைமுறை அன்று, பட்டப்படிப்பின் முதல் தாள். அதற்குரிய மதிப்பெண்ணை மாணவருக்குத் தராமல் வைத்திருப்பது அநீதி என்பதே இக்கட்டுரையின் கருதுகோள். ஆய்வுக்களம், சேர்வராயன் மலையில் ஏற்காடு வட்டத்துச் செம்மநத்தம். சென்னையை ஏன் எடுக்கவில்லை எனின், அங்கே விண்ணப்பம் பெரும்பாலும் சுலபமாகப் போய்ச் சேர்ந்துவிடுகிறது. சுலபமாக நடப்பதை யாரும் ஆய்வு செய்வதில்லை. காலப் பின்னணி சுருக்கமானது. பொறியியலுக்கு 1997-ல் ஒற்றைச் சாளரக் கலந்தாய்வு வந்தது. 2018-ல் அந்தச் சாளரம் கணினிக்குள் போனது. அரசு கலை, அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பம் 2020-ல் கொரோனாவின் கையைப் பிடித்துக்கொண்டு இணையத்துக்குள் வந்தது. கொரோனா போய்விட்டது, விண்ணப்பம் அங்கேயே தங்கிவிட்டது.

ஒன்றைப் பாடம் என்று சொல்ல அளவுகோல் வேண்டும். 13-ஆம் நூற்றாண்டுப் பவணந்தி முனிவர் நன்னூலின் பொதுப்பாயிரத்தில் ஐந்து உறுப்புகளைச் சொல்கிறார்: நூல், ஆசிரியர், கற்பிக்கும் முறை, மாணாக்கர், கற்கும் முறை. ஐந்தும் இங்கே உண்டு. நூல், பிடிஎஃப் வடிவில் வெளியாகும் தகவல் கையேடு. நல்ல பாடநூல்கள் எல்லாவற்றையும் போல இதையும் எவரும் முழுக்கப் படிப்பதில்லை. ஆசிரியர், பிரவுசிங் சென்டர் அண்ணன். கற்பிக்கும் முறை, கட்டத்துக்குக் கீழே சிவப்பு எழுத்தில் தோன்றும் ஒற்றை வரி. தவறு என்று சொல்லும், சரி எது என்று சொல்லாது. மாணாக்கருக்குப் பவணந்தியாரின் வகைப்பாடே போதும். பாஸ்வேர்டை வைத்த அன்றே மறப்பவர் ஓட்டைக் குடம். கல்லூரிகளின் பட்டியலில் இங்கொரு வாய் அங்கொரு வாய் மேய்பவர் ஆடு. கையேட்டிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்கும் அன்னம் அபூர்வம். அது பெரும்பாலும், போன வருடம் இதே பாடுபட்டுத் தேறிய அக்காவாக இருக்கும். கற்கும் முறை, பக்கம் சுற்றிக்கொண்டே நிற்கும்போது ரெஃப்ரெஷ் பொத்தானைத் தொடாமல் இருத்தல்.

பாடத்திட்டத்தின் அகலம் வியப்புக்குரியது. பெயர் எழுதும் கட்டத்திலேயே தத்துவம் தொடங்கிவிடும். ஆதாரில் இனிஷியல் பின்னால் இருக்கும், மதிப்பெண் சான்றிதழில் முன்னால் இருக்கும், வங்கிக் கணக்குப் புத்தகத்தில் அப்பா பெயர் முழுசாக நிற்கும். மூவரும் ஒருவரே என்று நிறுவியாக வேண்டும். அத்வைதிகள்கூட இத்தனை ஆவணம் கேட்டதில்லை. அடுத்து, கார்னகி மெலன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பெயர்சூட்டி விளக்கிய கேப்சா. கோணல்மாணல் எழுத்துகளைப் படித்துக் காட்டி, தான் மனிதப் பிறவிதான் என்று இயந்திரத்திடம் மாணவர் நிரூபிக்கிறார். வரலாற்றுக்கு முதல் பட்டதாரிச் சான்றிதழ்: குடும்பத்தில் இதுவரை எவரும் பட்டம் பெறவில்லை என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டும், அதாவது நடக்காத ஒன்றுக்குச் சான்று தேட வேண்டும். கணக்குக்குப் புகைப்படம்: 20 கேபிக்குக் குறையவும் கூடாது, 50 கேபியைத் தாண்டவும் கூடாது. கைபேசிப் படமோ எம்பி கணக்கில் இருக்கும். அண்ணன் அதைப் பெயிண்டில் திறந்து சுருக்குவார், படம் பெரிது என்று வரும்; இன்னும் சுருக்குவார், சிறிது என்று வரும்; ஒருவழியாக எல்லைக்குள் அடங்கும்போது, படத்தில் இருப்பது தன் பிள்ளைதானா என்று தாய் குனிந்து பார்ப்பாள். நிகழ்தகவுக்குப் பொறியியல் தரவரிசை. இருவர் கட்-ஆஃப் ஒன்றானால் கணிதம், பிறகு இயற்பியல், பிறகு விருப்பப் பாடம், பிறகு பன்னிரண்டாம் வகுப்பு மொத்தம், பத்தாம் வகுப்பு மொத்தம், பிறந்த தேதி என்று பார்த்துக்கொண்டே போவார்கள்; அதுவும் ஒன்றானால் கணினி தந்த சமவாய்ப்பு எண்ணில் பெரியது வெல்லும். தலைவிதிக்கு இவ்வளவு ஒழுங்காக வரிசையில் ஏழாம் இடம் ஒதுக்கிய நிர்வாகத்தை வேறெங்கும் காண்பது அரிது.

எனினும் இந்தத் தாளின் உயிர்நாடி புவியியல். ஏற்காடு ஏறக்குறைய 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. சில்வர் ஓக் நிழலில் காப்பி, மரத்தைப் பற்றி ஏறும் மிளகு; இவை போலவே சிக்னலும் சரிவு பார்த்துத்தான் விளைகிறது. அரசு கலைக் கல்லூரிகளின் விண்ணப்பக் காலம் பெரும்பாலும் மே மாதம். ஏற்காட்டுக் கோடை விழாவும் மலர்க் கண்காட்சியும் அதே மே மாதம். சமவெளியிலிருந்து வந்தவர்கள் அண்ணா பூங்காவில் நின்று ரீல்ஸ் ஏற்றும் நாட்களில்தான், மலைக்கிராமத்துப் பிள்ளையின் ஓடிபியும் இறங்கி வர வேண்டியிருக்கிறது. பதிவு செய்த எண் அப்பாவுடையது. அப்பா தோட்ட வேலையில். ஓடிபியின் ஆயுளோ சில நிமிடம். உயரம் ஏற ஏற ஓடிபியின் ஆயுள் குறைகிறது என்பது இவ்வாய்வு முன்மொழியும் விதி.

காகித விண்ணப்பம் இதைவிடக் கொடுமையாக இருந்ததே என்பர். வலுவான தடை, ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். விண்ணப்பம் வாங்க ஒரு நடை, கொடுக்க ஒரு நடை, பட்டியல் பார்க்க ஒரு நடை, அதுவும் ஒவ்வொரு கல்லூரிக்கும் தனித்தனியாக. இப்போது உட்கார்ந்த இடத்திலிருந்தே பல அரசுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கலாம். விண்ணப்பக் கட்டணம் 48 ரூபாய், பதிவுக் கட்டணம் 2 ரூபாய், பட்டியலின, பழங்குடி மாணவருக்கு அந்த 2 ரூபாய் மட்டுமே. ஆனால் நடை ஒழியவில்லை. போகும் இடம் மாறியிருக்கிறது. இம்மலையின் மலையாளி பழங்குடி மாணவருக்குச் சாதிச் சான்றிதழ் வழங்குபவர் தாசில்தார் அல்லர், வருவாய்க் கோட்டாட்சியர். மனு இணையத்தில், விசாரணை நேரில். இணைய வசதி இல்லாதோர்க்கு அரசுக் கல்லூரிகளில் சேர்க்கை உதவி மையம் இருக்கிறதே எனின், இருக்கிறது. 20 கொண்டை ஊசி வளைவு இறங்கிச் சேலத்துக் கல்லூரிக்கே போய், கல்லூரிக்கு வராமலே விண்ணப்பிக்கும் வசதியைப் பெற்றுக்கொள்ளலாம்.

அண்ணன்தானே தட்டுகிறார், மாணவர் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார், இதில் கற்றல் எங்கே என்பது அடுத்த தடை. கடைகளில் அச்சாகி, ஸ்பைரல் பைண்டிங் போட்டு வரும் எத்தனையோ இறுதியாண்டு ப்ராஜெக்டுகளுக்கு மதிப்பெண் கொடுக்கிறவர்கள் இதைக் கேட்கக் கூடாது. மேலும், தட்டுவது அண்ணன் என்றாலும் தாங்குவது மாணவர். தமிழ்நாட்டின் 69 சதவீத இடஒதுக்கீட்டில் பழங்குடியினருக்கு உரியது 1 சதவீதம். சாதிப் பிரிவுக் கட்டத்தில் அவசரத்தில் ஒரு வரி தள்ளிச் சொடுக்கினால் அந்த ஒரு சதவீதமும் கைநழுவும். அண்ணனோ அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்.

பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022-ஆம் ஆண்டுக் கட்டமைப்பில் மூன்றாண்டுப் பட்டத்துக்கு 120 கிரெடிட். 15 மணி நேர விரிவுரை ஒரு கிரெடிட். சான்றிதழ் தேடுவதில் தொடங்கி 'சமர்ப்பி' வரை கணக்கிட்டால் இந்தத் தாளுக்கு நான்கு கிரெடிட் தருவது மிகையாகாது. மலைவாசிகளுக்கு இன்னொன்று கூட்டலாம். ஆனால் மற்றத் தாள்களுக்கு இருக்கும் ஒன்று இதற்கு இல்லை: அரியர். கடைசித் தேதி போனால் போனதுதான். பதிவு தொடங்கியவர் இத்தனை பேர், கட்டணம் கட்டியவர் இத்தனை பேர் என்று செய்தி வரும். நடுவில் விழுந்தவர் எந்தப் பக்கத்தில் விழுந்தார் என்று வராது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தும் மேலே சேராதவர்களைக் கூப்பிட்டுப் பேசும் 'உயர்வுக்குப் படி' முகாம்தான் இப்போதைக்கு அரியர் தேர்வுக்கு அருகில் வருவது. அந்த முகாம் கடைசித் தேதிக்கு முன்பே, மடிக்கணினியும் ஸ்கேனரும் கோட்டாட்சியர் அலுவலக ஆள் ஒருவரும் கூட வர, செம்மநத்தத்துக்கு ஏறி வரட்டும். கிரெடிட்டை அப்புறம் பேசிக்கொள்ளலாம்.