விடைப் பக்கம் உள்ள பிரதி

உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்ற மனிதன் வேதாந்தம் வாசிக்கலாம், தோட்டம் போடலாம், அண்டை வீட்டுப் பிள்ளைகளுக்கு ஜாதகப் பொருத்தம் பார்க்கலாம். உலகம் இவற்றையெல்லாம் ஆட்சேபணையின்றி ஏற்றுக்கொள்கிறது. ஆனால், எவருடைய கட்டாயமும் இல்லாமல் அல்ஜீப்ராவை முதலிலிருந்து தானாகவே கற்கப் போவதாக அவன் அறிவித்தால், வீட்டார் முதலில் அவனுடைய இரத்த அழுத்தத்தைத்தான் விசாரிக்கிறார்கள். அவ்வித விசாரணைக்கு ஆளானவன் என்ற யோக்கியதையில், இந்த வித்தைக்கு வேண்டிய கிரந்தங்களைக் குறைந்த கிரயத்தில் சம்பாதிக்கும் மார்க்கம் பற்றிச் சில வார்த்தைகள் எழுதத் துணிகிறேன்.

புதிய புத்தகமே வாங்கினால் என்ன என்று கேட்பவர்கள், அயல்நாட்டுக் கல்லூரிப் பாடநூல் ஒன்றின் விலையை விசாரித்தறியாத பாக்கியசாலிகள். நாற்பது வருஷத்துக்கு முந்திய வைத்திய நூலை நம்பினால் உயிருக்கு ஹானி. பழைய சட்ட நூலை நம்பினால் வழக்குக்கு ஹானி. ஆனால் ஹால், நைட் என்னும் இரு துரைமார் 1887-இல் பிரசுரித்த உயர்நிலை அல்ஜீப்ராவில் உள்ள ஈருறுப்புத் தேற்றத்துக்கு இன்றுவரை எந்தப் பார்லிமெண்டும் திருத்த மசோதா கொண்டுவரவில்லை. லோனி 1893-இல் எழுதிய திரிகோணமிதியும் அப்படியே. எண்கணிதம் ஒன்றுதான் விலக்கு: 1957 ஏப்ரல் முதல் தேதி சர்க்கார் ரூபாயை நூறு பைசாவாக வகுத்துவிட்டபடியால், ரூபாய்க்கு 16 அணா, அணாவுக்கு 12 பை என்று 192-ஆல் பெருக்கியும் வகுத்தும் பழகிய அத்தனை அப்பியாசக் கணக்குகளும் ஒரே நாளில் புதைபொருள் ஆராய்ச்சியாகிவிட்டன.

சென்னையில் இத்தகைய புஸ்தகங்களுக்கு ஒரு காலத்தில் மூர் மார்க்கெட்டே க்ஷேத்திரமாக விளங்கியது. அது 1985-இல் தீக்கிரையான பின்பு அல்லிக்குளம் வளாகத்திலும், பாரதி சாலை என்று பெயர் மாறியும் பலருடைய வாயில் பைகிராப்ட்ஸ் ரோடாகவே இருக்கும் திருவல்லிக்கேணி வீதியின் நடைபாதையிலும் தேட வேண்டியதாயிற்று. அங்கே புத்தகத்தைக் கண்டுபிடிப்பதைவிடக் கடைக்காரரைத் திருப்தி செய்வதே பெரும்பாடு.

“எந்த எக்ஸாமுக்கு சார்?”

“எக்ஸாம் ஒன்றும் இல்லையப்பா.”

“பையனுக்கா?”

“எனக்குத்தான்.”

அவர் என்னைச் சற்று நேரம் கருணையோடு நோக்கிவிட்டு, கோச்சிங் சென்டர் கைடு ஒன்றை எடுத்து நீட்டினார். பரீட்சை இல்லாமலும் கணிதம் இருக்கக்கூடும் என்பது அவருடைய வியாபார அனுபவத்தில் காணாத விஷயம். ஹாலும் நைட்டும், லோனியும் ஐ.ஐ.டி. நுழைவுத் தேர்வுக்காரர்களின் பொருட்டு இன்றும் மறுபதிப்பாகி வருகிறபடியால், அந்தப் பெயர்களை நாம் ஆவலோடு உச்சரித்த மாத்திரத்தில் விலை ஏறிவிடுகிறது. ஆகவே, முதலில் ஒரு சமையல் புத்தகத்தை விசாரித்துவிட்டு, போகிற போக்கில் அல்ஜீப்ராவைத் தொட்டுக் கேட்பது உசிதம்.

பழைய பிரதியை வாங்குமுன் அதைத் திறக்காமலே, பக்கங்களின் வெளி ஓரத்தைப் பாருங்கள். நான் வாங்கிய ஹால்–நைட்டில் முதல் அத்தியாயமாகிய விகிதம், தலைமுறை தலைமுறையாகப் பட்ட விரல்களால் கருத்துப் போயிருந்தது. ஈருறுப்புத் தேற்றத்தை அண்டும்போது கருமை சாம்பல் நிறமாயிற்று. கடைசியான 35-ஆம் அத்தியாயம், சமன்பாட்டுக் கொள்கை, அச்சகத்திலிருந்து அன்று காலைதான் வந்ததுபோல் பளிச்சென்றிருந்தது. நம் முன்னோர்களின் வைராக்கியம் எந்தப் பக்கம்வரை தாக்குப்பிடித்தது என்பதை இதைவிடப் பிரத்தியட்சமாகக் காட்டும் சரித்திர ஆவணம் வேறில்லை.

மாஸ்கோவின் மீர் பதிப்பகப் பிரசுரங்களைப் பற்றிப் பேசினால் என் வயதொத்தவர்களுக்குக் கண் கலங்கும். பிஸ்குனோவின் நுண்கணிதத்தைக் கெட்டி அட்டையில், ஹோட்டல் சாப்பாட்டுக்குக் கொடுக்கிற பணத்துக்கு, நியூ செஞ்சுரி புக் ஹவுஸில் வாங்க முடிந்த காலம் ஒன்றிருந்தது. பொதுவுடைமையில் நம்பிக்கையில்லாதவர்கள்கூட வகைக்கெழுவில் நம்பிக்கை வைத்து அக்கடைக்குள் பிரவேசித்தார்கள். 1991-இல் சோவியத் யூனியன் மறைந்தது. அதன் அரசியல் விளைவுகளைப் பண்டிதர்கள் விவாதிக்கட்டும், பழைய புத்தகக் கடையில் பிஸ்குனோவின் விலை உயர்ந்தது என்பதே என் துக்கம்.

கடைக்காரரின் பரீட்சைச் சித்தாந்தத்துக்கு மறுமொழியாக, ஜார்ஜ் கார் என்பவர் கேம்பிரிட்ஜ் பரீட்சைக்குப் போகிற மாணாக்கர்களை உத்தேசித்து ஆயிரக்கணக்கான சூத்திரங்களைத் தொகுத்து 1886-இல் முடித்த நூலை நான் அவருக்கு நினைவூட்டியிருக்கலாம். அந்நூல் 1903-இல் கும்பகோணத்தில் ராமானுஜன் கையில் கிடைத்தது; அவர் அதிலேயே ஆழ்ந்து, மற்றப் பாடங்களை மறந்து, எப்.ஏ. பரீட்சையில் தோற்றார். பரீட்சைக்கென்றே பிறந்த ஒரு புத்தகம் இதைவிடப் பெரிய பிரயோஜனத்தை அடைந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

என்னைப் போன்ற சாமானியர்களுக்குக் கார் ஆகாது. ஹாலும் நைட்டும், அவர்களுக்குப் பிறகு லோனி, அப்புறம் சில்வானஸ் தாம்ஸன் 1910-இல் தம் பெயரை மறைத்து, ராயல் சொசைட்டி அங்கத்தினர் என்பதைக் குறிக்கும் மூன்றெழுத்துக்களை மட்டும் போட்டு வெளியிட்ட எளிய நுண்கணிதம், இவ்வளவே போதும். ஆங்கிலம் இடையூறானால், பிளஸ் டூ ஏற்பட்ட காலத்தில் தமிழ்நாட்டுப் பாடநூல் நிறுவனம் வெளியிட்ட கணித நூல்களை எடைக்கு வாங்கலாம்; அவற்றைக் குறைவாக மதிப்பது வீண் ஜம்பம்.

ஆனால் எதை வாங்கினாலும் கடைசிப் பக்கங்களைப் புரட்டிப் பார்த்த பிறகே பணத்தை நீட்டுங்கள். வாத்தியார் இல்லாமல் படிக்கிறவனுக்கு விடைப் பக்கமே வாத்தியார். பழைய புத்தகத்தில் முதலில் உதிர்வதும் அதுவே, பிள்ளை பார்த்து எழுதிவிடுவான் என்று தகப்பனார்கள் கிழித்து ஒளித்து வைப்பதும் அதுவே. ஆகையால், பரணில் உள்ள கணிதப் புத்தகங்களைக் கழிக்க உத்தேசித்திருக்கும் தகப்பனார்களுக்கு ஒரு விண்ணப்பம்: பிள்ளைகள் பெரியவர்களாகி விட்டார்கள், ஒளித்து வைத்த விடைத் தாள்களையும் தயைசெய்து சேர்த்தே போடுங்கள்.