முகம் பார்க்கும் ரசிகர்

ஒரு பழைய படத்தைப் பார்த்ததில்லை என்றோ, ஒரு ஹெவி மெட்டல் இசைத்தட்டைக் கேட்டதில்லை என்றோ நீங்கள் வாய்தவறிச் சொன்ன மாத்திரத்தில், எதிரே உட்கார்ந்திருப்பவருடைய முகத்தில் ஏளனமோ அனுதாபமோ தோன்றாமல், சொல்லி மாளாத ஓர் ஆனந்தம் பொங்குமானால், தயை செய்து அந்த க்ஷணமே செருப்பை மாட்டிக்கொண்டு புறப்பட்டுவிடுங்கள். “நிஜமாவே பார்த்ததில்லையா சார்? ஒரு தடவைகூட?” என்று அவர் மறுபடியும் கேட்டு, நீங்கள் மறுபடியும் இல்லை என்று தலையாட்டிவிட்டால், பிறகு தெய்வமே வந்தாலும் உங்களை மீட்க முடியாது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் இரண்டு மணிக்கு, சாப்பாட்டு மயக்கம் தெளியாத வேளையில், அவர் வீட்டு மாடியறையில், ஜன்னல்களுக்கெல்லாம் கறுப்புத் துணி கட்டிய இருட்டில், நீங்கள் உட்கார்த்தி வைக்கப்பட்டிருப்பீர்கள்.

பார்த்துவிட்டதாகச் சொல்லித் தப்பலாமே என்று நினைப்பவர்கள் இவரை அறியாதவர்கள். “எந்தப் பிரதி?” என்பார். ஃப்ரிட்ஸ் லாங் எடுத்த ‘மெட்ரோபோலிஸ்’ என்ற மௌனப்படம் 1927-ல் பெர்லினில் முதன்முதல் திரையிடப்பட்டதும், விரைவிலேயே கத்தரிக்கோலுக்கு இரையானதும், தொலைந்துபோன பகுதிகளில் ஏறக்குறைய 25 நிமிஷம் 2008-ல் பியூனஸ் அயர்ஸ் நகரத்து அருங்காட்சியகம் ஒன்றில் கீறல் விழுந்த 16 மில்லிமீட்டர் சுருளாக அகப்பட்டதும், அவற்றையும் சேர்த்துச் செப்பனிட்ட பிரதி 2010-ல் வெளிவந்ததும் ஆகிய சரித்திரம் முழுவதையும் மூச்சு விடாமல் சொல்லி, ஆகையால் அதற்கு முன் அந்தப் படத்தைப் பார்த்தவர் எவரும் பார்த்தவர் ஆகார் என்று தீர்ப்பளிப்பார். ‘ப்ளேட் ரன்னர்’ என்றாலோ, 1982, 1992, 2007 என்று மூன்று வருஷங்களை விரல் மடக்கி எண்ணி, உங்களுடையது இவற்றுள் எது என்று குறுக்கு விசாரணை செய்வார். மெட்டாலிகாவின் 1988-ஆம் வருஷத்து ஆல்பத்தை நான் கேட்டிருக்கிறேன் என்று எங்கள் நண்பர் ஒருவர் ஒரு நாள் துணிந்து சொன்னதற்கு, “அதுல பேஸ் கிட்டார் காதிலேயே விழாதே! அது விழலைங்கறதைக் கவனிச்சுக் கேட்டீங்களா?” என்று மடக்கினாரே பார்க்கலாம்! நண்பர் மறு வார்த்தை பேசாமல் மாடிப்படி ஏறினார்.

இவ்வளவும் பீடிகைதான். படம் தொடங்கியபின் அவரும் நம்மைப் போலப் படத்தைப் பார்ப்பார் என்று எதிர்பார்ப்பது மனித சுபாவம், அவர் பார்ப்பதில்லை. அவர் பார்ப்பது நம் முகத்தை. இதற்கென்றே தம்முடைய நாற்காலியைத் திரைக்கு நேரே போடாமல் சுவரோரமாக, விருந்தாளியின் பக்கம் முக்கால்வாசி திருப்பிப் போட்டிருக்கிறார். படத்தில் முக்கியமான கட்டம் நெருங்குவதற்குச் சில விநாடிகள் முன்பே, அவருடைய வலக்கை ஆள்காட்டி விரல் மெள்ள உயரும். கழுத்து சற்றே முன்னுக்கு நீளும். “இதோ வருது சார்” என்று ரகசியக் குரலில் ஓர் அறிவிப்பும் எழும். அதற்குமேல் அவருக்குத் திரை என்று ஒன்று உலகத்தில் இல்லை.

‘லாரன்ஸ் ஆஃப் அரேபியா’வை எடுத்துக்கொள்ளுங்கள். 1962-ல் டேவிட் லீன் எடுத்த அந்த மகா காவியத்தில், பீட்டர் ஓ'டூல் எரிகிற தீக்குச்சி ஒன்றை வாயால் ஊதுகிறார். அடுத்த க்ஷணம் பாலைவனத்து அடிவானம் செக்கச் சிவந்து நிற்க, அங்கே சூரியன் உதயமாகிறது. படத்தொகுப்புக் கலையில் இதற்கு ஈடான வெட்டு அபூர்வம் என்று அறிந்தவர்கள் சொல்கிறார்கள், நானும் மறுக்கவில்லை. ஆனால் தீக்குச்சி பற்ற வைக்கப்படுவதற்கு முன்பே விரல் உயர்ந்துவிட்டபடியால், என் மனமெல்லாம், சூரியன் உதிக்கும்போது எந்த முகத்தை வைத்துக்கொள்வது என்ற கவலையில் ஆழ்ந்திருந்தது. சாதாரண முகத்தையே வைத்துக்கொண்டேன். “கவனிக்கலை போல இருக்கே சார்” என்று சொல்லி, படத்தை நிறுத்திப் பின்னுக்கு ஓட்டினார். தீக்குச்சி மறுபடி எரிந்தது, மறுபடி அணைந்தது. இம்முறை புருவத்தைக் கூடிய மட்டும் உயர்த்தி, “அடாடா!” என்றும் ஒரு சப்தம் எழுப்பினேன். அதுவும் பிசகாகப் போயிற்று. “அவ்வளவு பிடிச்சுதா சார்? அப்ப இன்னொரு தரம் பார்த்துடுங்க!” என்று மறுபடியும் பின்னுக்கு ஓட்டினார். ஆச்சரியம் குறைந்தாலும் தண்டனை, மிகுந்தாலும் தண்டனை என்ற இந்தச் சட்டத்தின்கீழ், மிகாமலும் குறையாமலும் வியக்கும் வித்தையை ஒருவன் கைவரப் பெறுவதற்குள் பாலைவனத்தில் பல தடவை பொழுது விடிந்துவிட்டது.

அதைவிடக் கொடுமை கிணற்றடிக் காட்சி. கானல் நீர் அலைகிற வெட்டவெளியின் கோடியில் ஒரு கறுப்புப் புள்ளி தோன்றுகிறது. புள்ளி கோடாகிறது, கோடு ஒட்டகமாகிறது, ஒட்டகத்தின்மேல் கறுப்பு உடையில் ஓர் ஆள் இருப்பது தெரிகிறது, அவர்தாம் ஓமர் ஷரீஃப். பார்ப்பவன் பொறுமை இழக்கிறவரையில், இழந்தபிறகும்கூட, அந்த ஒட்டகம் வந்துகொண்டே இருக்க வேண்டும் என்பது டைரக்டரின் சித்தம். அவ்வளவு நேரமும் உயர்ந்த விரல் உயர்ந்தபடியே நிற்க, “இதோ வருது” என்ற வாக்கியம் அன்றைக்கு மட்டும் பொருத்தமாகவே அமைய, நம்மவர் என் முகத்தை விட்டுக் கண்ணை அகற்றவில்லை. ஒட்டகம் வருகிறவரை ஒருவன் முகத்தில் எத்தனை விதமான ஆர்வத்தைத்தான் காட்ட முடியும்? கதகளிக்காரர்களுக்கு அதற்கென்று பல வருஷப் பயிற்சியும் பச்சைச் சாயமும் உண்டு. எனக்கு இரண்டும் கிடையாது. கடைசியில் கிணற்றடியில் துப்பாக்கி வெடித்தபோது நான் துள்ளி விழுந்தது, அவர் விரலை மடக்கிவிட்டார் என்று நினைத்து அயர்ந்திருந்த காரணத்தால். அது அவருக்குப் பரம சந்தோஷமாகிவிட்டது. இன்றளவும் வீட்டுக்கு வருகிறவர்களிடமெல்லாம், ‘லாரன்ஸ்’ பார்க்கத் தெரிந்தவர் என்று என்னைத்தான் காட்டுகிறார்.

சங்கீதத்திலும் இதே முறைதான். ‘பிளாக் ஸப்பாத்’ என்ற பர்மிங்ஹாம் கோஷ்டியின் முதல் இசைத்தட்டு 1970 பிப்ரவரி 13-ஆம் தேதி, அதாவது இங்கிலீஷ்காரர்கள் அஞ்சுகிற பதின்மூன்றாம் தேதி வெள்ளிக்கிழமையன்று, வெளியாயிற்று. அதன் கிட்டார்காரர் டோனி அயோமி, 17-ஆம் வயதில் தகட்டுத் தொழிற்சாலை ஒன்றில், வேலையை விட்டு நிற்க இருந்த கடைசி நாளன்று, வலக்கையில் இரண்டு விரல்களின் நுனியை இயந்திரத்துக்குப் பறிகொடுத்தவர். இடக்கைப் பழக்கம் உள்ளவராதலால், தந்தியை அழுத்த வேண்டிய கையே அந்த வலக்கைதான். பிளாஸ்டிக் புட்டியை உருக்கி விரலுக்கு உறை செய்து மாட்டிக்கொண்டு மறுபடி வாசித்தார். பின்னாளில் தந்திகளைத் தளர்த்திச் சுருதியை இறக்கியும் வைத்துக்கொண்டார். ஹெவி மெட்டல் என்று பிற்பாடு பெயர் பெற்ற அந்தக் கனத்த நாதத்துக்கு அந்த விரல்களும் ஒரு காரணம். இந்தக் கதையை நம்மவர் தம் விரல்களையே மடக்கிக் காட்டி உருக்கமாகச் சொன்னார். சொல்லி முடித்தபின் ஜன்னல் பக்கம் திரும்பியிருந்தாரானால் நான் கண் கலங்கியே இருப்பேன். திரும்பவில்லை, கலங்குகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தார்.

தட்டு சுழன்றது. முதலில் மழைச் சத்தம், இடி, தூரத்தில் மாதா கோயில் மணி. அரை நிமிஷத்துக்கு மேல் இவ்வளவுதான். விரல் உயர்ந்தது. “இதோ வருது சார்.” வந்தது. ஒரு சட்ஜம், பிறகு மேல் ஸ்தாயி சட்ஜம், அங்கிருந்து இறங்கி நடுவே ஒரு ஸ்வரத்தில் நின்று, அதையும் சற்று நடுக்கிக் காட்டுகிறது கிட்டார். இந்த இடைவெளிக்கு ஐரோப்பாவின் பழைய சங்கீத சாஸ்திரக்காரர்கள் ‘இசையில் உள்ள சாத்தான்’ என்றே பெயரிட்டிருந்தார்கள் என்பதையும், கேட்டவுடன் முதுகுத்தண்டு சில்லிட வேண்டும் என்பதையும் நம்மவர் முன்கூட்டியே போதித்திருந்தார். ஆனால் சபா நாற்காலிகளில் உட்கார்ந்து உட்கார்ந்து பழுத்துப்போன காதை நான் எங்கே கொண்டு போய்க் கழற்றி வைப்பேன்? சட்ஜத்திலிருந்து அத்தனை தூரத்தில் நிற்பது நம்முடைய பிரதி மத்யமம் அல்லவா? கல்யாணிக்கு ஜீவனே அதுதானே? மேலைநாட்டாருக்குப் பேயாகத் தோன்றிய அதே ஸ்வரத்தில், எனக்குத் தஞ்சாவூர்ப் பக்கத்துக் கல்யாண வீடு ஒன்றின் முன்வாசல் பந்தலும், ஜானவாஸத்தில் நாகஸ்வரக்காரர் நின்று நிதானித்துக் கல்யாணி வாசித்ததும், பன்னீர் வாசனையும் தோன்றிவிட்டன. இருட்டில் அவருடைய கண்ணுக்கு அகப்பட்ட என் முகம், பந்தியில் இரண்டாம் தரம் பாயசம் வாங்கிக்கொண்டவனுடைய முகமாக இருந்திருக்க வேண்டும்.

“பயமா இல்லையா சார்?” என்றார்.

“கல்யாணி மாதிரி இருக்கு” என்றேன்.

அவர் ஊசியைத் தூக்கி வைத்துவிட்டு வெகு நேரம் பேசாமல் இருந்தார்.

அவருடைய மற்றக் குணங்களைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. சித்திரை வெயிலிலும் மண்டை ஓடு போட்ட கறுப்புச் சட்டைதான் அணிவார். இசைத்தட்டைப் பிறர் விளிம்பில்கூடத் தொட அனுமதிக்க மாட்டார். 2007-ல் அயர்ன் மெய்டன் கோஷ்டி பெங்களூர் அரண்மனை மைதானத்துக்கு வந்தபோது சென்னையிலிருந்து ரயிலேறிப் போய்வந்ததை, காசி யாத்திரை போய்வந்தவர் தோற்றுப்போகும்படி வர்ணிப்பார். பழைய படமும் மெட்டலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள் என்பது அவருடைய சித்தாந்தம். அதற்கு ஆதாரமும் உண்டு: பிளாக் ஸப்பாத் தன் பெயரை எடுத்துக்கொண்டது மாரியோ பாவாவின் 1963-ஆம் வருஷத்துப் பேய்ப் படத்திலிருந்து, மெட்டாலிகா மேடையேறுமுன் ஒலிபரப்புவதோ ‘தி குட், தி பேட் அண்ட் தி அக்லி’ என்ற 1966-ஆம் வருஷத்துப் படத்துக்கு என்னியோ மோரிகோனே அமைத்த சங்கீதம். நம்மவரும் ஞாயிறுதோறும் படம் போடுமுன் அதையே போட்டுக்கொண்டுதான் மாடியறைக்குள் பிரவேசிக்கிறார்.

காபி கொண்டுவந்த அவர் மனைவி ஒரு நாள் என்னிடம் தணிந்த குரலில், “நீங்க யாராவது வந்தாத்தான் அண்ணா இந்த ரூம் கதவே திறக்கும். தனியா ஒரு பாட்டுக்கூடப் போட்டுக்க மாட்டார்” என்றார். அதைக் கேட்டபின் எனக்கு நம்மவரிடம் ஒரு வாஞ்சை உண்டாயிற்று. சூரியன் உதிப்பதை முதல் தடவை பார்த்த பாக்கியம் அவருக்கு எந்தக் காலத்திலோ தீர்ந்துவிட்டது. இனி அது பிறத்தியார் முகத்தில் உதித்தால்தான் உண்டு. நம்முடைய அறியாமை ஒன்றுதான் அவருக்குச் சொத்து. அதைச் சிறுகச் சிறுகச் செலவழிக்கிறார்.

ஆனால் வாஞ்சைக்கும் ஓர் எல்லை உண்டு. போன மாதம் நான் திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைக் கொண்டுபோய் அதே அறையில் போட்டேன். என் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டேன், விரலையும் உயர்த்தினேன். ராகம் விரிந்து மேலே ஏறுகிற சமயத்தில், நாகஸ்வரம் அந்த அறையின் சுவர்களைத் தள்ளிக்கொண்டு நிற்கிற சமயத்தில், அவர் செல்போனை எடுத்து, மறுநாள் மின்சாரத் தடை எந்தப் பேட்டைக்கு என்று பார்த்தார். பிறகு, “ரெக்கார்டிங் கொஞ்சம் பழசு, இல்ல சார்?” என்றார். இது நியாயமே அல்ல. பிறர் முகத்தை மணிக்கணக்கில் வாடகைக்கு எடுக்கிற ஒரு மனிதர், தம் முகத்தை ஒரு தோடிக்காகப் பத்து நிமிஷம் இரவல் தரக் கூடாதா? தாம் கேட்டறியாத ஒன்று இந்த உலகத்தில் இருக்கிறது என்பதே அவருக்கு ஸ்வாரஸ்யப்படவில்லை. பிறருடைய அறியாமையை இவ்வளவு கொண்டாடுகிறவர் தம்முடையதை ஏறெடுத்தும் பார்ப்பதில்லை என்பது எனக்கு உண்மையிலேயே கோபமூட்டுகிற விஷயம். இதில் வேடிக்கை ஒன்றும் இல்லை.

இதை அவரிடம் சொல்லியும்விட்டேன். அமைதியாகக் கேட்டுக்கொண்டார். மறுநாள் காலையில் டெலிபோன் வந்தது: வருகிற ஞாயிறு குரோசவாவின் ‘செவன் சாமுராய்’, 1954, முழுப் பிரதி, 207 நிமிஷம். நான் பார்த்ததில்லை என்பது அவருக்கு எப்படியோ தெரிந்திருக்கிறது. அவ்வளவு நேரம் என்னால் உட்கார முடியாது என்றேன். படத்துக்குள்ளேயே இடைவேளை இருக்கிறது என்றார். அந்த இடைவேளையிலாவது என் முகத்தைப் பார்க்காமல் இருப்பீர்களா என்று கேட்டேன்.

“இடைவேளையிலதான் சார் பார்க்கணும்” என்றார்.