பகடையா, பட்டனா?

கே: ஆன்லைன் கேம் இருக்கும்போது, மேசையைச் சுற்றி உட்கார்ந்து பகடை உருட்டும் 'டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' எதற்கு?
– ஒரு வாசகர், வடமாலபேட்டை

ப: உங்கள் சித்தூர்ப் பக்கம் திரௌபதியம்மன் கோயில் பாரதக் கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவரைக் கேளுங்கள், இன்னொருவராக வாழும் ருசியைச் சொல்வார். 1974-ல் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் அமெரிக்காவில் வெளியிட்ட இந்த ஆட்டத்தில் வேஷம் மட்டுமல்ல, வசனமும் உங்களுடையதே. வீடியோ கேமில் புரோகிராமர் வைக்காத கதவு திறக்காது. இங்கே அரக்கனை வெட்டாமல் அவன் வீட்டில் பெண் கேட்கவும் போகலாம்; கதை நடத்துபவர் திண்டாடட்டும்! பப்ஜிக்கு 2020-ல் வந்த தடை இதற்கு இல்லை, சார்ஜரும் வேண்டாம். நேரில் வந்து உட்கார நாலு நண்பர்கள்தான் வேண்டும். அவர்களை டவுன்லோடு செய்ய முடியாது!