24 கேட்டேன், 0 கொடுத்தான்

தடாவில் எங்கள் சித்தப்பாவின் டீக்கடை கொல்கத்தா நெடுஞ்சாலையை ஒட்டி இருக்கிறது. 2022 ஏப்ரலில் ஊர் நெல்லூர் மாவட்டத்திலிருந்து திருப்பதி மாவட்டத்துக்கு மாறியது. கடன் சொல்லும் லாரிக்காரர்கள் மாறவில்லை. 2017 ஜூலையில் ஜிஎஸ்டி வந்தபின் வரிச் சாவடியில் லாரிகள் மணிக்கணக்கில் நிற்பது போய்விட்டது. சித்தப்பாவுக்கு மிச்சம், அந்தக் காலத்துக் கடன் நோட்டுகள்.

போன ஞாயிறு அந்தக் கடை பெஞ்சில் லேப்டாப்பைத் திறந்துவைத்து ஒரு பேட்ச்சைப் பார்த்துக்கொண்டிருந்தேன். போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்துக்கு யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாம். ஒன்று அனுப்பினால், அடுத்தவருடையதில் ஒன்றைப் படித்துக் குறை சொல்ல வேண்டும் என்பது அங்கே வழக்கம். நம் குடும்பத் தொழிலாயிற்றே, சரியென்றேன். ஒரு பிழைச் செய்திக்கான அந்தப் பேட்ச் 6 வரி. நான் எழுதிய குறை 2 பக்கம்.

"இன்னா நைனா, ஒரு மணி நேரமா ஒரே பக்கத்தையே பாக்கற?"

விளக்கினேன். தரவுத்தளம் எதை மாற்றினாலும் முதலில் 'வால்' என்ற பதிவேட்டில் குறித்துக்கொள்ளும். கரண்ட் போய் வந்தால் அதைப் படித்துத்தான் எழுந்து நிற்கும்.

"நோட்டுல எழுதாம நானும் கிளாஸைக் கையில குடுக்க மாட்டேன்."

அந்தப் பதிவேடு இருந்த ஃபோல்டரின் பெயரில் முன்பு 'லாக்' என்று இருந்தது. ஏதோ பழைய குப்பை என்று அதை அழித்து, தரவுத்தளத்தையே தலைமுழுகியவர்கள் உண்டு. 2017இல் வந்த 10ஆம் பதிப்பில் பெயரையே மாற்றிவிட்டார்கள் என்றேன்.

"உங்க சித்தியும் ஒரு நோட்டைக் கிழிச்சு போண்டா மடிச்சுட்டா. யார் பேரை மாத்தறது?"

பழைய பதிப்புகளில், விழுந்து எழும் சர்வர் ஒரு செய்தி சொல்லும்: பதிவின் நீளம் தவறு; 24 வேண்டும், 0 கிடைத்தது. 24 என்பது ஒரு பதிவின் தலைப்பகுதிக்கான பைட் கணக்கு. 0 என்றால் பெரும்பாலும் 'பதிவேடு இத்தோடு முடிந்தது' என்றுதான் அர்த்தம். இது தெரியாமல் ஒருமுறை இரவு 2 மணிக்கு மேனேஜரை எழுப்பிவிட்டேன். அவர் சொன்னதை எந்தப் பதிவேட்டிலும் ஏற்ற முடியாது.

சித்தப்பா பழைய நோட்டைப் பிரித்துக் காட்டினார். 'சிவப்பு லாரி. மீசைக்காரன். 24 கேட்டேன், 0 கொடுத்தான்.'

"தேதி? வண்டி நம்பர்?" என்றேன்.

"எழுதும்போது எதிர்லதானே நின்னான்! தெரியாதா எனக்கு?"

"இப்போ யாருன்னு சொல்லுங்க."

வெகுநேரம் நோட்டையே பார்த்தார். பாய்லர் மட்டும் சத்தம் போட்டது.

நான் 2 பக்கத்தையும் அழித்துவிட்டு ஒரே வரி எழுதினேன்: 'எந்தக் கோப்பில், எந்த இடத்தில் என்று செய்தியில் வரவில்லை; எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது.' பேட்ச்சை 'ஆசிரியர் பதிலுக்குக் காத்திருக்கிறது' என்று மாற்றி, லேப்டாப்பை மூடி, பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

சித்தப்பா புது நோட்டில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். எட்டிப் பார்த்தேன்.

'ஞாயிறு, காலை 11.40. வாசல் பெஞ்ச், இடது ஓரம். அண்ணன் மகன், கண்ணாடி போட்டவன். டீ 4, போண்டா 2. குறைந்தது 80 எதிர்பார்த்தேன், 0 கொடுத்தான்.'

குறை சொல்ல ஒன்றுமில்லை. பர்ஸை எடுத்தேன்.