பதினொண்ணுக்குப் போற மருமவனுக்கு

ஏலே மருமவனே, "எம்மவன் பத்து முடிச்சிட்டு பதினொண்ணுக்குப் போறாம்ண்ணே"ன்னு உங்கம்மா வந்து பெருமையாச் சொன்னா. எனக்கு ஒண்ணும் ஓடல. ரெண்டு புள்ளைக்குத் தகப்பன், இந்த வயசுல எந்தப் பள்ளிக்கூடத்துல சேத்துக்கிட்டான்னு கேட்டேன். பொறவுதான் வெவரம் தெரிஞ்சுது, விண்டோஸாம். நல்லது, போ. மாமன் ஆசீர்வாதம் உனக்கு எப்பவும் உண்டு. போறதுக்கு முன்னால செத்த நேரம் இங்கன உக்காரு.

எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாதுங்கிறது ஊரறிஞ்ச சங்கதி. ஆனா உங்கப்பன் அந்த டி.டி.பி. கடையப் போட்ட நாள்ல இருந்து வாசப் பெஞ்சுல உக்காந்து பேப்பர் படிக்கிறவன் நான். பேப்பர்ல வாற சேதியவிட உள்ள இருந்து வாற பொலம்பல்தான் ஜாஸ்தியாக் காதுல விழும். அதுல ஒண்ணு வெளங்கிட்டு. ஒவ்வொரு விண்டோஸ் வாறதுக்கு முன்னாலயும், "இது மட்டும் வரட்டும், ஸ்பீடு பிச்சிக்கிட்டுப் போகும்"பிய. வந்து போட்டதும், "பழசே தேவலை"ம்பிய. அடுத்தது வந்துட்டா, எதைத் திட்டித் தீத்தியளோ அதையே "அந்தக் காலத்துச் சரக்குல்லா"ன்னு கொண்டாடுவிய.

எக்ஸ்பிய எடுத்துக்கோ. 2001-ல வந்துது. பச்சையும் நீலமுமாப் பாத்துட்டு, இது ஆபீசுச் சாமானா வெளையாட்டுச் சாமானான்னு கேட்டவுக உண்டு. 2014 ஏப்ரல் 8-ந்தேதி கம்பெனிக்காரன் அதைக் கைகழுவுனப்ப, விடமாட்டோம்னு கட்டிப் புடிச்சிக்கிட்டதும் அதே ஆளுவதான். நடுவுல 2007-ல விஸ்டா வந்துது. "விஸ்டாவுக்கு லாயக்கான பொட்டி"ன்னு ஸ்டிக்கர் ஒட்டி வித்ததுலயே அது ஒழுங்கா ஓடலன்னு அமெரிக்காவுல கேஸே போட்டாங்க.

எட்டுக் கதை மறந்துபோச்சா? 2012-ல ஸ்டார்ட் பட்டனையே தூக்கிட்டான். கம்ப்யூட்டரை ஆஃப் பண்ணணும்னாக்கூட முதல்ல ஸ்டார்ட்டைத்தான் அமுக்கணும்னு ஒரு தலைமுறையையே பழக்கிவிட்டு, அந்தப் பட்டனைக் காணாமப் பண்ணிட்டான் பாத்துக்கோ. நல்லாப் படிச்ச வாத்தியார்மாரெல்லாம் ஆஃப் பண்ணத் தெரியாம பிளக்கைப் புடுங்குனாங்க. ஒலகம் பூரா சத்தம் போட்டதும், மறுவருசம் 8.1-ல பட்டனைத் திருப்பிக் குடுத்தான். அமுக்கிப் பாத்தா, பழைய மெனு வரல. எந்தக் கட்டம் கட்டமான பக்கத்தைக் கண்டு எல்லாரும் ஓடுனாங்களோ, அங்கனயே கொண்டுபோய் விட்டுது. கேட்டதைக் குடுத்த மாதிரியும் ஆச்சு, குடுக்காத மாதிரியும் ஆச்சு. நம்ம ஊர் பஞ்சாயத்துல பேர் போன தலைவருக்கும் இந்தச் சூது வராது.

பொறவு ஒம்பதே இல்லாம பத்துக்குத் தாவுனான். 2015 ஜூலை 29. ஏழும் எட்டும் வெச்சிருந்தவுகளுக்கு ஒரு வருசத்துக்கு ஓசி. நான் அப்பவே சொன்னேன், ஒண்ணை ஓசியாக் குடுத்துட்டு "வாங்கிக்க வாங்கிக்க"ன்னு ஒருத்தன் தொரத்துனான்னா யோசிக்கணும்னு. மறுவருசம் மே மாசம் பாத்தா, "பத்துக்கு மாறுதீங்களா"ன்னு வாற பெட்டியில மூலையில இருக்க பெருக்கல் குறிய அமுக்கி மூடுனாலே, "சரி, மாத்திரு"ன்னு அர்த்தம் பண்ணிக்கிட்டான். வேண்டாம்னு கதவைச் சாத்துனா, உள்ள வரச் சொன்னதா எடுத்துக்கிட்டான்லே! எல்லை மீறிட்டோம்னு அந்தக் கம்பெனிப் பெரிய ஆள் ஒருத்தரே பொறவு ஒத்துக்கிட்டாரு. கேக்காம ஏறுன பத்தால யாவாரம் கெட்டுப்போச்சுன்னு கலிஃபோர்னியாவுல ஒரு அம்மா கேஸ் போட்டு 10,000 டாலர் வாங்கிட்டா. கெட்டிக்காரி.

அந்த நேரத்துல கம்பெனி ஆளு ஒருத்தர், "இதுதான் கடைசி வெர்ஷன்"னு மேடையிலயே சொன்னாரு. நீயும் கேட்டுட்டு, "மாமா, இனிமே மாத்துற தொந்தரவே இல்லை"ன்னு குதிச்ச. நான் ஒண்ணும் சொல்லல. கடைசி சினிமா, கடைசி எலெக்சன்னு சொன்ன எத்தனை பேரைப் பாத்தவன் நான். 2021 அக்டோபர் 5-ல பதினொண்ணு வந்து நின்னுது. 2025 அக்டோபர் 14-ஓட பத்துக்கு ஆதரவு முடிஞ்சுது.

அந்தப் பதினொண்ணைப் பொட்டியில ஏத்துறது பொண்ணு கட்டுறதைவிடக் கஷ்டமால்லா இருக்கு. முதல்ல பொருத்தம் பாக்கணுமாம். அதுக்குன்னு கம்பெனியே ஒரு சின்ன புரோகிராம் விட்டிருக்கான். 4 ஜிபி ராம் உண்டா, 64 ஜிபி எடம் உண்டான்னு சீர்செனத்தி வெசாரிக்கும். டிபிஎம் 2.0-ன்னு ஒரு சில்லு இருக்கான்னு கேக்கும். இன்டெல்லா இருந்தா பெரும்பாலும் எட்டாம் தலைமுறையோ அதுக்குப் பிந்தினதோதான் ஆகும்னு குலம் கோத்திரம் பாக்கும். எட்டாம் தலைமுறை வந்ததே 2017-லதான். அதுக்கு ஒரு வருசம் முன்னால காசைக் கொட்டி வாங்குன நல்ல பொட்டிக்கும் "பொருத்தம் இல்லை"ன்னு சீட்டுக் கிழிச்சிரும். பொட்டிக்கு நோய் இல்ல, நொடி இல்ல. ராசி சரியில்லை, அவ்வளவுதான். அதை மீறி குறுக்கு வழியில ஏத்திவிட்டுருவான் உன் சர்வீஸ் பையன், கெட்டிக்காரன். ஆனா அப்படி ஏத்துனதுக்கு அப்டேட் வரும்னு பொறுப்பு ஏத்துக்க மாட்டோம்னு கம்பெனி எழுதியே வெச்சிருக்கான்.

அது கெடக்கட்டும். உனக்கு எதுக்குப் பதினொண்ணு? ஸ்பீடுக்குன்னா, அந்தப் பொட்டியத் தெறந்து பாரு. உள்ள இன்னும் சுத்துற ஹார்ட் டிஸ்க்தானே கெடக்கு? அதைக் கழட்டி வெச்சிட்டு எஸ்எஸ்டி போடு, கூட ராமைக் கூட்டு. பத்தே உனக்குப் பதினெட்டா ஓடும். அழகுக்குன்னா, ஸ்டார்ட் பட்டனை ஓரத்துல இருந்து நடுவுல கொண்டுவந்து வெச்சிருக்கான். அதை நீ முதல் சோலியா செட்டிங்குல போய் மறுபடி ஓரத்துக்குத் தள்ளுவ. ரைட் கிளிக் பண்ணுனா பாதி மெனுதான் வரும். மிச்சம் வேணும்னா இன்னொரு தடவை கேக்கணும். வீட்டுக்குப் போடுற ஹோம் எடிசன்னா, நெட்டும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் இல்லாம உள்ளயே விடமாட்டான். உன் கணக்கு யாருக்கிட்ட இருக்கு? முன்னால வேலை பாத்துட்டுத் திருப்பூருக்குப் போனானே ஒரு பய, அவன் போனுக்குத்தானே ஓடிபி போகும்!

சிரிக்காத. புதுசா பதினொண்ணு போட்ட பொட்டியில டிஸ்கையே பூட்டி வெச்சிருக்கும். என்னைக்காவது ஒருநாள் 48 எண் உள்ள சாவியக் கேக்கும். அது அந்தக் கணக்குக்குள்ளதான் கெடக்கும். திருப்பூர்க்காரனுக்குக் கோழிக்குழம்பு வெச்சி இப்பவே கூப்புடு.

சரி, சோலிக்கு வருவோம். உன் கடையில சோறு போடுறது எது? விண்டோஸா? இல்லலே. பேஜ்மேக்கர் 7-ம் பாமினி எழுத்தும். பேஜ்மேக்கருக்கு ஏழுக்குப் பொறவு அடுத்த வெர்ஷனே வரல, பெத்தவனே மறந்துட்டான். நம்ம பக்கத்துக் கல்யாணப் பத்திரிகை, பூப்புனித நீராட்டு விழா, கண்ணீர் அஞ்சலி போஸ்டர், கோயில் கொடை நோட்டீஸ் அத்தனையும் இன்னும் அதுலதான் ஓடுது. புது விண்டோசுல அது ஒருநாள் ஓடும், ஒருநாள் மொறைச்சிக்கிட்டு நிக்கும். பாமினி கதை அதைவிட மோசம். அது தமிழ் எழுத்துக்குன்னு ஏற்பட்ட எடத்துல இல்லாம, இங்கிலீசு எழுத்து எடத்துல உக்காந்திருக்க தமிழு. ஃபான்ட் போச்சுன்னா "நிகழும் மங்களகரமான"ங்கிறது கெட்ட வார்த்தை கணக்கா இங்கிலீசுல நிக்கும். தமிழைத் தமிழுக்குன்னு ஏற்பட்ட எடத்துலயே வெக்கிற யூனிகோடுதான் இனிமேன்னு சர்க்கார் 2010-லயே உத்தரவு போட்டாச்சு. நீ இன்னும் பாமினியிலதான் அடிக்க. அந்த உத்தரவையே எவனாவது பாமினியில அடிச்சிருந்தாலும் நான் ஆச்சரியப்படமாட்டேன்.

உன் கடையாவது பரவாயில்ல. பஜார்ல மொத்தக் கடை அண்ணாச்சி ஃபாக்ஸ்புரோவுல பில்லு போடுறாருல்லா, கறுப்புத் திரையில வெள்ளை எழுத்தா? அது டாஸ் காலத்துப் புரோகிராம். 32 பிட் விண்டோசுலதான் ஓடும். பத்துவரைக்கும் 32 பிட்டுல ஒரு வெர்ஷன் இருந்துது. பதினொண்ணு முழுக்க 64 பிட்டு. அதுல டாஸ் புரோகிராம் தானா அசையாது. அண்ணாச்சிக்கிட்டப் போய் "நான் ஏத்திட்டேன், நீங்களும் ஏத்துங்க"ன்னு வாய விட்டுறாத. முப்பது வருசக் கடன் பாக்கிக் கணக்கு அதுக்குள்ள இருக்கு. அது தெறக்கலன்னா ஊருல பாதிப்பேரு உனக்கு மாலை போடுவாங்க. அண்ணாச்சி போடுறது வேற மாலையா இருக்கும்.

இவ்வளவும் சொன்னதால மாமன் பத்துலயே கெடங்கிறாருன்னு நெனச்சிறாத. அதுவும் கோட்டித்தனம். 2017 மே மாசம் வானாக்ரைன்னு ஒரு வைரஸ் வந்துது. கம்ப்யூட்டர்ல இருக்கதையெல்லாம் பூட்டிட்டு, பணம் வெச்சாத்தான் தெறப்பேன்னுது. இங்கிலாந்துல ஆஸ்பத்திரிகள்ல ஆபரேசனையே தள்ளி வெச்சாங்க. அதைத் தடுக்குற அப்டேட்டை ரெண்டு மாசம் முன்னாலயே, மார்ச்சுலயே விட்டிருந்தான். மாட்டுனதுல பெரும்பாலும் ஏழு வெச்சிருந்து, "பொறவு பாத்துக்கலாம்"னு அதைப் போடாம விட்டவுக. நீயோ ஊரு சனத்தோட ஆதாரு, பட்டா, சாதி சர்டிஃபிகேட் எல்லாத்தையும் டெஸ்க்டாப்புல பரப்பி வெச்சிருக்க. பூட்டுனான்னா உன் சரக்கு மட்டுமா போகும்?

அவசரப்பட்டு முதல் ஆளா ஓடுறவனுக்கும் ஒரு கதை உண்டு. 2018 அக்டோபர்ல பத்துக்கு ஒரு பெரிய அப்டேட் விட்டான். போட்ட சில பேருக்கு டாக்குமென்ட்ஸ்ல இருந்த ஃபைலே காணாமப் போச்சு. சில நாள்ல நிறுத்திட்டு, நவம்பர்லதான் மறுபடி விட்டான். அப்டேட்டை அஞ்சு வாரம்வரைக்கும் நிறுத்தி வைக்க செட்டிங்குலயே ஒரு வசதி இருக்கு. முதல்ல போட்டவன் அழுறானா சிரிக்கிறானான்னு பாத்துட்டு நீ போடு. அதுல ஒண்ணும் கௌரவக் கொறைச்சல் இல்ல.

லினக்சுக்குப் போயிருவோமான்னு உன் மவன் கேக்கான். வெவரமான புள்ள. 2011-ல சர்க்கார் இலவச லேப்டாப் குடுக்க ஆரம்பிச்சப்ப, விண்டோஸோட கூடவே சென்னை சிடாக் செஞ்ச பாஸ் லினக்சையும் போட்டுத்தான் குடுத்தாங்க. தெறந்து பாத்தவனை விரல் விட்டு எண்ணிறலாம். படிக்கிற புள்ளைக்கு, பொருத்தம் இல்லைன்னு ஒதுக்குன பழைய பொட்டிக்கு, அது ஒண்ணாந்தரம். அவனுக்குப் போட்டுக் குடு. உன் பேஜ்மேக்கர் அதுல தானா ஓடாது, அதையும் தெரிஞ்சிக்கோ.

இப்ப மாமன் சொல்லுற ரோசனையக் கேளு. இது தை மாசம். முகூர்த்தம் வரிசையா நிக்கி. இந்த நேரத்துல பொட்டி மேல கைய வெச்சி, "முப்பது சதவீதம் முடிஞ்சிருக்கு, ஆஃப் பண்ணாதீங்க"ன்னு திரை சுத்திக்கிட்டு இருக்கும்போது பொண்ணு வீட்டுக்காரன் பத்திரிகை வாங்க வந்தான்னா, பொண்ணுக்கு முன்னால உனக்கு விடை குடுத்துருவான். ஆடியில பண்ணு. ஆடியில கல்யாணமும் இல்ல, பத்திரிகையும் இல்ல. அதுக்கு முன்னால எல்லா ஃபைலையும் தனி ஹார்ட் டிஸ்குல காப்பி எடு. ஃபான்ட் ஃபோல்டரை ரெண்டு எடத்துல எடு. ஃபார்மேட் அடிக்காம மேலயே ஏத்து. புடிக்கலன்னா 10 நாளைக்குள்ள பழசுக்குத் திரும்பிக்கலாம், கல்யாணத்துல இல்லாத சலுகை. பொருத்தமே இல்லாத பொட்டியா இருந்தா, பாதுகாப்பு அப்டேட்டை மட்டும் இன்னும் கொஞ்ச நாள் வாங்கிக்க வழி வெச்சிருக்கான்: 30 டாலர் கட்டணும், இல்லன்னா உன் செட்டிங்கை அவன் கணக்குல சேத்து வைக்கணும். அந்தத் தவணையும் 2026 அக்டோபர் 13 வரைக்கும்தான்.